எந்த மாதத்து எலி?

வீட்டில் எலித் தொல்லை என்றால் பொறியில் மசால் வடை வைப்போம். சில வீடுகளில் சுட்ட தேங்காய்ச் சில்லு, சில வீடுகளில் கருவாடு. நீலகிரியில் அப்பர்பவானி பக்கம், 2,000 மீட்டருக்கு மேலே இருக்கும் ஒரு சோலைக்காட்டில் எலிகளைப் பிடித்து எண்ணப் போகிற ஆய்வாளருக்கும் முதல் கேள்வி இதுதான்: பொறியில் எதை வைப்பது? தேங்காய் வைத்தால் எலி வரும். நிலக்கடலையை அரைத்து ஓட்ஸோடு பிசைந்து வைத்தால் சுண்டெலியும் வரும். மூஞ்சூறு இரண்டையும் முகர்ந்துவிட்டுப் போய்விடலாம். அதற்குப் புழுவும் பூச்சியும் வேண்டும், இல்லையென்றால் கருவாட்டு வாசனையாவது வேண்டும். ஆக, எதை வைக்கிறோமோ அதைத் தேடி வருகிற விலங்குதான் கணக்கில் ஏறும்.

அடுத்தது மாதம். 'இந்தச் சோலையில் எத்தனை எலி இருக்கிறது?' என்று யாராவது கேட்டால், விவரம் தெரிந்தவர் 'எந்த மாதத்தில்?' என்று திருப்பிக் கேட்பார். மலைக்காடுகளில் இந்த வேலையைப் பருவம் பருவமாகப் பிரித்து, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ச் செய்வது அதனால்தான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வீண் அலைச்சலாகத் தெரியும். ஒருமுறை போய் எண்ணிவிட்டு வந்தால் போதாதா? போதாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும்.

முதலில், யாரை எண்ணுகிறோம்? 'சிறு பாலூட்டிகள்' என்பது உயிரியல் வகைப்பாட்டில் இருக்கும் பிரிவு அல்ல, வேலை வசதிக்காக வைத்துக்கொண்ட பெயர். எலி, சுண்டெலி, மூஞ்சூறு, மர மூஞ்சூறு, சின்ன அணில்கள் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். வௌவாலைப் பிடிக்க வலை, ஒலிப்பதிவு என்று வேறு ஏற்பாடுகள் வேண்டும் என்பதால் அதைப் பெரும்பாலும் தனியே வைத்துவிடுவார்கள். உலகிலுள்ள பாலூட்டி இனங்களில் ஏறத்தாழ 40 சதவீதம் கொறிணிகள், அதாவது எலி, அணில் மாதிரி கொறித்துத் தின்பவை. கணக்குப்படி பார்த்தால், பாலூட்டி என்றதும் நமக்கு ஞாபகம் வரவேண்டியது யானை அல்ல.

மூஞ்சூறை எலியின் தம்பி என்று நினைக்கிறவர்கள் அதிகம். பிள்ளையாரின் வாகனத்தையே ஒருவர் எலி என்பார், இன்னொருவர் மூஞ்சூறு என்பார். மூஞ்சூறு கொறிணியே அல்ல, பூச்சி தின்னும் கூட்டம். நம் தென்மாவட்டச் செம்மண் காடுகளில் திரியும் முள்ளெலிக்குத்தான் அது உறவு. அந்த முள்ளெலியும் பெயரில் மட்டுமே எலி.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்தக் கூட்டத்துக்கென்றே சில உள்ளூர் முகங்கள் உண்டு. நீலகிரியிலிருந்து 1898-இல் விவரிக்கப்பட்ட ஒரு சுண்டெலிக்கு அறிவியல் பெயர் மஸ் ஃபாமுலஸ். லத்தீனில் ஃபாமுலஸ் என்றால் வேலைக்காரன். யாருக்கு வேலைக்காரன் என்று பெயர் வைத்தவர்தான் சொல்ல வேண்டும். நீண்ட வாலோடு மரத்திலேயே குடியிருக்கும் நீலகிரி மரச் சுண்டெலி இன்னொன்று. இரண்டுமே அழியும் ஆபத்தில் உள்ளவை என்று உலகச் செம்பட்டியலில் இருப்பவை. எனக்கு இந்தக் கூட்டத்தில் ரொம்பப் பிடித்தது மலபார் ஸ்பைனி டார்மவுஸ். விலங்கியலாளர் எட்வர்ட் பிளைத் 1859-இல் விவரித்தது. முதுகு மயிருக்கு நடுவே தட்டையான முட்கள், வால் நுனியில் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி அடர்ந்த மயிர். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. மரப்பொந்தில் குடித்தனம், மிளகுக் கொடியில் சேட்டை. கள் இறக்கக் கட்டிய கலயத்துக்குள் இறங்கிப் போதையில் கிடந்ததாகக்கூடப் பழைய குறிப்புகள் உண்டு. டார்மவுஸ் என்று பெயர் வைத்தார்களே தவிர, ஐரோப்பாவில் குளிர்காலம் முழுக்கத் தூங்கிக் கழிக்கும் அந்த டார்மவுஸ் குடும்பத்தோடு இதைச் சேர்ப்பதில்லை. இது தனிக் குடும்பம்.

இத்தனை விதம் இருந்தும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எலி, சுண்டெலி என்று பொதுவாகச் சொல்லி அவற்றைத் தீங்குயிர்ப் பட்டியலில் போட்டிருந்தது. வயலில் நெல் திருடுகிற எலிக்கும் சோலையைவிட்டு வெளியே வராத எலிக்கும் அந்தப் பட்டியல் வித்தியாசம் பார்க்கவில்லை. 2022-இல் வந்த திருத்தத்தில்தான் அந்தப் பட்டியலே எடுக்கப்பட்டது. அரை நூற்றாண்டு!

சரி, பொறிக்கு வருவோம். உலகெங்கும் இந்த வேலைக்குப் பழகிப்போன கருவி ஷெர்மன் பொறி. ஏறக்குறைய ஒரு சாண் நீளமுள்ள அலுமினியப் பெட்டி. மடித்தால் தட்டையாகிவிடும் என்பதால் ஒரு முதுகுப்பையில் நிறைய அடுக்கிக்கொண்டு மலையேறலாம். உள்ளே போன விலங்கு தரைத்தகட்டை மிதித்ததும் கதவு மூடிக்கொள்ளும். வீட்டுப் பொறி மாதிரி கழுத்தை முறிக்காது. பிடித்து, எடை போட்டு, அளந்து, அடையாளமிட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும் என்பதால் உயிரோடு பிடிப்பதுதான் முக்கியம்.

பொறிகளைக் கட்டம் போட்டு வைப்பார்கள். உதாரணமாக ஏழு வரிசை, வரிசைக்கு ஏழு பொறி, ஒவ்வொன்றுக்கும் பத்து மீட்டர் இடைவெளி. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. நீலகிரியில் கூட வருபவர்கள் பெரும்பாலும் இருளரோ குறும்பரோ. களக்காட்டுப் பக்கம் போனால் காணிக்காரர்கள். எந்த வேரடியில் வளை இருக்கிறது, எந்தக் கட்டைமேல் எலி நடக்கும் என்று பார்த்ததும் சொல்லக்கூடியவர்கள். 'இங்க வெச்சா விழும்ங்க' என்று அவர்கள் காட்டுகிற இடம் கட்டத்துக்கு மூன்று மீட்டர் தள்ளி இருக்கும். ஆய்வாளரோ அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு, எலி வரவே வராத பாறையிடுக்கில் ஒரு பொறியை வைப்பார். கெட்டிக்காரத்தனமாகப் பிடித்தால் எலி நிறையக் கிடைக்கும். ஆனால் இந்தச் சோலையையும் அடுத்த சோலையையும், இந்த ஆண்டையும் அடுத்த ஆண்டையும் ஒப்பிட முடியாது. இந்த வேலைக்கு ஒரே மாதிரியான முட்டாள்தனம்தான் வேண்டும் என்று சொன்னால் தப்பில்லை.

ஒரு பொறி ஓர் இரவு இருந்தால் அது ஒரு 'பொறி இரவு'. நூறு பொறி, ஐந்து இரவு என்றால் 500 பொறி இரவுகள். அதில் 25 முறை விலங்கு விழுந்தால் ஐந்து சதவீதம். காலையில் திறக்கும் பொறிகளில் பெரும்பாலானவை காலிதான். சிலவற்றில் எறும்பு இரையைத் தின்று முடித்திருக்கும். மழைக்காலத்தில் நண்டு உட்கார்ந்திருக்கும். குரங்கு திறந்து பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்திருக்கும். யானையோ காட்டெருமையோ மிதித்த பொறி அப்பளமாகிக் கிடக்கும்.

காலை என்றால் வெயில் ஏறுவதற்கு முன் என்று பொருள். இதில் மட்டும் சமரசம் கிடையாது. அலுமினியப் பெட்டி இரவில் ஐஸ் பெட்டி, வெயில் பட்டால் அடுப்பு. மூஞ்சூறு நிலைமை இன்னும் மோசம். உலகிலேயே எடை குறைந்த பாலூட்டிகளில் ஒன்றான எட்ரஸ்கன் மூஞ்சூறு தென்னிந்தியாவிலும் உண்டு. அதன் எடை இரண்டு கிராம் அளவுதான், இதயமோ நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் துடிக்கும். உடம்பு இவ்வளவு சின்னதாக இருந்தால் உண்டாகும் சூடு உடனே வெளியே போய்விடும். அதை ஈடுகட்ட மூஞ்சூறுகள் கிட்டத்தட்ட ஓயாமல் தின்ன வேண்டும். சில மணி நேரம் பட்டினி போட்டாலே செத்துப்போகும். அதனால் குளிர்காலத்தில் பொறிக்குள் காய்ந்த புல்லோ பஞ்சோ வைப்பார்கள். மூஞ்சூறு விழும் இடங்களில் இரவிலும் எழுந்து போய்ப் பார்ப்பார்கள்.

இனி மாதம். ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ பருவம் என்றால் முதலில் பனியும் வெயிலும். நம் மலைகளில் பருவம் என்றால் மழை, அதுவும் ஒரே மலையில் இரண்டு விதமாக. நீலகிரியின் மேற்கு விளிம்பில் இருக்கும் அப்பர்பவானி, அவலாஞ்சிப் பகுதிகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. கிழக்கே கோத்தகிரி, குன்னூர் பக்கம் பெருமழை வருவது அக்டோபருக்குப் பிறகு, வடகிழக்குப் பருவத்தில். ஒரே மாவட்டம்தான். ஆனால் ஆகஸ்டில் இரண்டு இடத்திலும் பொறி வைத்துவிட்டு, 'மழைக்காலக் கணக்கு' என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தால், ஒப்பிடுவது வேறுவேறு பருவங்களை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி. அதன்பின் ஏப்ரல் வரை வறட்சி. காட்டுத் தீ பயமும் அப்போதுதான்.

இந்தச் சுழற்சியில் எலியின் வாழ்க்கையும் சுழல்கிறது. மழை வந்தால் மண் இளகும், புழுவும் பூச்சியும் பெருகும், மூஞ்சூறுக்கு விருந்து. மரங்கள் பழுக்கும்போது தரையெல்லாம் விதை, எலிக்கு விருந்து. குட்டி போடுவதும் தீனி கிடைப்பதைப் பொறுத்தே. ஆகவே குட்டிகள் வளர்ந்து வளையைவிட்டு வெளியே வரும் மாதத்தில் எண்ணினால் கூட்டமாக இருக்கும். அதற்கு முந்தைய மாதத்தில் எண்ணினால் காடு வெறிச்சோடித் தெரியும். இரண்டும் உண்மைதான்.

சிக்கல் இதோடு நிற்பதில்லை. பசித்த எலிதான் பொறிக்கு வரும். தரையெல்லாம் பழம் கிடக்கும்போது ஒரு துண்டு தேங்காய்க்காக இருட்டுப் பெட்டிக்குள் நுழைய எந்த எலிக்கும் அவசியமில்லை. அப்படியானால் பொறியில் எலி குறைந்தால், காட்டில் எலி குறைந்துவிட்டது என்று பொருளா, காட்டில் சாப்பாடு கூடிவிட்டது என்று பொருளா? ஒரே ஒரு பருவம் மட்டும் போய்வந்தவரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பழங்களையும் விதைகளையும் சேர்த்து எண்ணுகிற, எல்லாப் பருவமும் போகிற ஆள் சொல்லலாம். அதனால்தான் நல்ல எலி ஆய்வாளரின் நோட்டில் பாதி மரங்களைப் பற்றியே இருக்கும்.

அடையாளமிட்டு விடுவதன் தந்திரமும் இங்கேதான் உதவுகிறது. 40 எலிகளைப் பிடித்து அடையாளமிட்டு விட்டோம். சில நாள் கழித்து 50 பிடித்தோம். அதில் 10 எலிகளிடம் நம் அடையாளம் இருக்கிறது. பிடித்ததில் ஐந்தில் ஒரு பங்கு பழைய முகம் என்றால், நாம் முதலில் விட்ட 40-ம் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்காக இருக்க வேண்டும். ஆக மொத்தம் 200. பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் இதற்குள் இரண்டு நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. இடைப்பட்ட நாளில் யாரும் பிறக்கவோ சாகவோ ஊர் மாறவோ இல்லை என்பது ஒன்று. ஒருமுறை மாட்டிய எலிக்கும் மாட்டாத எலிக்கும் மறுமுறை மாட்டும் வாய்ப்பு ஒன்றுதான் என்பது இன்னொன்று. நிஜ எலிகள் இரண்டாவதை மதிப்பதில்லை. சில எலிகள் ஒருமுறை பட்டதும் பொறிப் பக்கமே வராது. சில எலிகளோ இலவசச் சாப்பாடும் பஞ்சு மெத்தையும் கிடைக்கிறதென்று தினமும் வந்து படுத்துக்கொள்ளும். இந்த இரண்டாவது ரகம் கூடினால் பழைய முகங்கள் அதிகமாகி, மொத்தக் கணக்கு உண்மையைவிடக் குறைவாக வரும்.

1982-இல் கென்னத் போலக் என்ற புள்ளியியலாளர் இதற்கு ஓர் ஏற்பாடு சொன்னார். ஒவ்வொரு பருவத்திலும் சில இரவுகள் அடுத்தடுத்துப் பொறி வையுங்கள். அந்த நாலைந்து இரவுக்குள் பிறப்பும் இறப்பும் பெரிதாக இருக்காது, அதைக் கொண்டு அப்போதைய எண்ணிக்கையைப் போடலாம். பிறகு மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்து அதே கட்டத்துக்குத் திரும்பி, மறுபடி நாலைந்து இரவு. இரண்டுக்கும் நடுவே எத்தனை பழைய முகங்கள் தப்பிப் பிழைத்தன, எத்தனை புதியவை என்று பார்த்தால் பிழைப்பு விகிதம் கிடைக்கும். இன்று பருவம்தோறும் நடக்கும் களப்பணிகள் பலவற்றின் கால அட்டவணை இந்த யோசனையின் மேல்தான் நிற்கிறது. ஐந்து நாள் வந்துவிட்டு இவர்கள் எங்கே காணாமல் போகிறார்கள் என்று ஊரில் கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

1990-களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் ஷங்கரும் ராமன் சுகுமாரும் அப்பர்பவானிச் சோலைகளில் செய்த ஆய்வு நம் பக்கத்துக்கு நல்ல முன்மாதிரி. ஒருவர் பிற்காலத்தில் கடலாமைக்குப் பெயர் போனவர், மற்றவர் யானைக்கு. நடுவில் இப்படி ஓர் எலிக் காலம். புல்வெளிக் கடலுக்குள் தீவு தீவாக நிற்கும் சோலைகளில் எலி, மூஞ்சூறுக் கூட்டங்கள் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்குகின்றனவா என்பது அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று. அழகான கேள்வி. எல்லாச் சோலையிலும் சேர்ந்து ஏறி இறங்கினால், மழை மாதிரி எல்லாருக்கும் பொதுவான ஏதோ ஒன்று அவற்றை ஆட்டுகிறது என்று சந்தேகிக்கலாம். தனித்தனியாக ஆடினால் ஒவ்வொரு சோலைக்கும் சொந்தக் கதை. ஒரு சோலைக்கு ஒருமுறை போனவருக்கு இந்தக் கேள்வி தோன்றவே தோன்றாது.

இதுவரை சொன்னது ஆண்டுக்குள் வந்துபோகும் பருவம். அதைவிட நீண்ட பருவங்களும் உண்டு. அங்கேதான் எலி சரித்திரத்துக்குள் நுழைகிறது.

இலங்கை மலைநாட்டில் தேயிலைக்கு முன்னால் காப்பி இருந்தது. அந்தக் காப்பித் தோட்டங்களை 'காப்பி எலி' என்று பெயர் வாங்கிய புதர் எலிகள் கூட்டம் கூட்டமாக வந்து நாசம் செய்தன. காட்டில் நெலு என்று சிங்களத்தில் சொல்லும் செடியின் விதைதான் அவற்றின் தீனி என்றும், அது அற்றுப்போகும்போது தோட்டத்துக்குள் இறங்கின என்றும் இலங்கைக் காலனிய அரசின் செயலராக இருந்த எமர்சன் டென்னன்ட் எழுதியிருக்கிறார். நெலு நம் குறிஞ்சியின் உறவு, அதே ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினம். பல ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்து, விதைத்து, மடியும் செடி. விதை கொட்டும் ஆண்டில் எலிக்குத் திருவிழா, மறு ஆண்டு பஞ்சம். ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் எலிகள் வரை கொன்றதாகவும் அந்தக் குறிப்பு சொல்கிறது. அதில் இன்னொரு வரியும் உண்டு. தமிழகத்திலிருந்து போன தோட்டத் தொழிலாளர்கள் இந்த எலிகளைத் தேங்காய் எண்ணெயில் பொரித்தோ கறி வைத்தோ விரும்பிச் சாப்பிட்டார்களாம், எலி வரும் தோட்டங்களையே தேடிப் போனார்களாம். துரை அதை ருசி விஷயமாக எழுதிவைத்தார். அந்தக் கூலிக்கும் அந்த அரிசிக்கும் நடுவே எலி என்னவாக இருந்திருக்கும் என்பதை நாம்தான் யோசித்துக்கொள்ள வேண்டும்.

மிசோரத்தில் இதே கதை இன்னும் பெரிதாக நடந்தது. அங்கே ஒருவகை மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூக்கும். மவ்தாம் என்பார்கள். விதை தின்று பெருகிய எலிகள், விதை தீர்ந்ததும் நெல் வயலில் இறங்கும். 1959-இல் வந்த பஞ்சத்தில் நிவாரணத்துக்காகத் தொடங்கிய அமைப்புதான் பின்னர் மிசோ தேசிய முன்னணி ஆனது, 1966-இல் ஆயுதக் கிளர்ச்சியும் வந்தது. 2006-07-இல் மூங்கில் மறுபடி சொன்னபடி பூத்தது.

ஒரு முனைவர் பட்டத்துக்கான களப்பணி பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டு. பன்னிரண்டு ஆண்டுக் குறிஞ்சியும் 48 ஆண்டு மூங்கிலும் அந்தச் சட்டைக்குள் அடங்காது. ஆக நமக்குக் கிடைப்பதெல்லாம் ஒரு நீண்ட படத்திலிருந்து கிழித்த துண்டுகள்.

துண்டாக இல்லாமல் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு கலிபோர்னியாவின் யோசெமிட்டி மலைப்பகுதி நல்ல உதாரணம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோசப் கிரின்னெல் என்பவரும் அவருடைய குழுவும் அங்கே அடிவாரத்திலிருந்து உச்சி வரை பொறி வைத்து, எங்கே எது விழுந்தது என்று நோட்டு நோட்டாக எழுதி வைத்தார்கள். இதன் பயன் தெரிய நூறு ஆண்டுகூட ஆகலாம் என்று அவரே அப்போது நினைத்தார். கிட்டத்தட்ட அப்படியே ஆனது. நூறாண்டு நெருங்கும்போது அதே இடங்களுக்கு மறுபடி போனார்கள். 2008-இல் வெளியான முடிவின்படி, பார்த்த 28 சிறு பாலூட்டி இனங்களில் பாதி, தங்கள் உயர எல்லையைச் சராசரியாக 500 மீட்டர் மேலே நகர்த்தியிருந்தன. இடையில் அங்கே வெப்பம் கூடியிருந்தது. பழைய நோட்டு இல்லையென்றால் அந்த எலிகள் ஆதியிலிருந்தே அங்கேதான் இருந்தன என்று நினைத்திருப்போம்.

நம்மிடமும் பழைய சேகரிப்பு இல்லாமலில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1911 முதல் பத்தாண்டுக்கு மேல் இந்தியா, பர்மா, இலங்கை முழுக்கப் பாலூட்டிகளைச் சேகரித்தது. பெரிய காரியம். எது எங்கே இருந்தது என்று அறிய இன்றும் அதைத்தான் புரட்டுகிறோம். ஆனால் நீலகிரி மாதிரி ஓர் இடத்தில், அதே கட்டத்தில், அதே மாதத்தில், பத்து இருபது ஆண்டு விடாமல் பொறி வைப்பது வேறு வேலை. இதற்குப் பணம் கிடைப்பது கஷ்டம். புலிக்குக் கேமரா வைக்கக் கிடைக்கும். 'போன வருடம் செய்ததையே இந்த வருடமும் செய்யப் போகிறேன், முடிவு பதினைந்து வருடம் கழித்து' என்று எழுதிக் கொடுத்தால் எந்தக் குழு கையெழுத்துப் போடும்? அனுமதியும் அப்படித்தான். காட்டுக்குள் போக அனுமதி அவசியம், சந்தேகமில்லை. ஆனால் காகிதம் இரண்டு மாதம் தாமதமானால் புலி ஆய்வாளருக்குப் போவது இரண்டு மாதம், எலி ஆய்வாளருக்குப் போவது ஒரு முழுப் பருவம். அடுத்த ஆண்டு அந்த மாதம் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

உடம்புக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1957-இல் கர்நாடகத்தின் சிவமொக்கா பக்கம் கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டுக் காய்ச்சல், உண்ணி மூலம் பரவுவது. எலியும் மூஞ்சூறும் அந்த உண்ணிகளுக்குச் சாப்பாட்டு மேசை. குஞ்சு உண்ணிகள் பெருகும் டிசம்பர் முதல் மே வரையே அந்தக் காய்ச்சலின் காலம். மழை விட்டு, பாதை காய்ந்து, களப்பணிக்கு வசதியாக இருக்கிற மாதங்களும் அவைதான். எலிமேல் இருக்கும் நுண்ணிய பூச்சிகளால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் நம் ஊரில் குளிர்மாதங்களில் கூடும். கையுறை போட்டு, எலியைத் துணிப்பைக்குள் வைத்தே எடை பார்ப்பது சும்மா சுத்தத்துக்காக அல்ல.

நீலகிரியின் பழைய புல்வெளிகளில் பெரும்பகுதி இன்று சீகை என்கிற வாட்டில் மரமும் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸும். சீகையை வெட்டிப் புல்லை மீட்க வேண்டும் என்று பேச்சும் சில இடங்களில் வேலையும் நடக்கின்றன. சோலைக்குள் கிடைக்கும் எலிகள் வேறு, புல்வெளியில் கிடைப்பவை வேறு. ஆகவே புல் திரும்பியதா என்று பார்க்க, புல்வெளிச் சுண்டெலி திரும்பியதா என்று பார்ப்பது நல்ல வழி. வெட்டுவதற்கு முன்பே அங்கே பொறி வைத்திருந்தால்தான் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

நீலகிரியிலும் மூணாறிலும் குறிஞ்சி 2018-இல் பூத்தது. அடுத்தது 2030. விதை கொட்டுவது அதற்கடுத்த மாதங்களில். அப்போது புல்வெளிச் சரிவுகளில் எலிக்கூட்டம் என்ன ஆகிறது என்று தெரிய வேண்டுமானால் பூப்பதற்கு முன் இரண்டு ஆண்டுக் கணக்காவது கையில் இருக்க வேண்டும். அதாவது 2028-இல், பூவைப் பார்க்க யாரும் வராத ஒரு சாதாரண ஜனவரியில், உறைபனி படிந்த புல்லில் முதல் வரிசைப் பொறியை வைத்தாக வேண்டும்.